நெருப்புக்கு எந்தக் கறி? பார்பிக்யூவுக்கு இறைச்சி வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் தாய்மாமாவுக்கு ஈரச்சந்தையில், அதாவது பச்சை மீன், இறைச்சி, காய்கறி விற்கும் சந்தையில், ஆட்டுக்கறிக் கடை இருந்தது. பள்ளி விடுமுறையில் அங்கே நின்று பொட்டலம் கட்டியவன் என்பதால், சொந்தத்தில் யார் பார்பிக்யூ போட்டாலும் முதல் நாள் ராத்திரி எனக்குத்தான் ஃபோன் வரும். ஆட்கள் மாறுவார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இனி ஃபோன் வந்தால் இதை அனுப்பிவிட்டுத் தூங்கப் போகலாம் என்று ஒரு நப்பாசை.

“பார்பிக்யூவுக்குக் கறி வேணும்னு சொன்னா கடைக்காரருக்கே தெரியாதா?”

தெரியும், ஆனால் கை கேட்காது. நம் பேச்சில் இறைச்சிக்கும் கறி என்றுதான் பெயர், குழம்புக்கும் கறி என்றுதான் பெயர். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி வெட்டுபவரின் கை நாள் முழுக்கப் பிரட்டலுக்கும் பிரியாணிக்கும் வெட்டிப் பழகியது. “ரெண்டு கிலோ குடுங்கண்ணே” என்றால் அரிவாள் தானாகவே எலும்போடு சின்னத் துண்டு போட ஆரம்பித்துவிடும். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் பாதி வெட்டி முடிந்திருக்கும்.

நானே இதில் மாட்டியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் ஆபீஸ் நண்பர்களோடு முதல் பார்பிக்யூ. கறிக்கடையில் வளர்ந்தவன் என்று பெருமையடித்துவிட்டு மூன்று கிலோ வாங்கினேன். “வெட்டிடவா தம்பி?” என்று கேட்டார், ஃபோனைப் பார்த்துக்கொண்டே “ஆமாண்ணே” என்றேன். அன்று மாலை கால்வாசித் துண்டுகள் கம்பி வலை இடுக்கில் கரியோடு போய்ச் சேர்ந்தன. மிச்சமிருந்தது அழிப்பான் மாதிரி இருந்தது. எல்லாரும் மரியாதைக்கு மென்றார்கள்.

அதனால் எடை சொல்வதற்கு முன்பே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: கரியில் சுடப்போகிறேன், இத்தனை கனம் வேண்டும், எலும்பு வேண்டும் அல்லது வேண்டாம். அதைச் சொன்னபின் எந்தப் பாகம் என்பதை அவரே நல்லதாக எடுத்துக் கொடுப்பார்.

“தொடைக்கறிதானே ஆட்டிலேயே நல்ல கறி? அதையே வாங்கினா என்ன?”

வாங்கலாம். ஆனால் எல்லாச் சமையலுக்கும் ஒரே ‘நல்ல கறி’ கிடையாது. ஆடு எந்தத் தசையை அதிகம் அசைக்கிறதோ அது கெட்டியாக இருக்கும், ருசியும் கூடும். கால், கழுத்து, தோள்பட்டை எல்லாம் உழைக்கும் இடங்கள். அங்கே தசையைக் கட்டிவைக்கும் வெள்ளை நார் நிறைய உண்டு. கொலாஜன் என்பார்கள். ஈரமான சூட்டில் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் வெந்தால் அது கரைந்து வழவழப்பாகிவிடும். குழம்பில் கழுத்துக்கறியும் நல்லியும் ருசிப்பது இதனால்தான். ஆனால் கரிநெருப்பில் ஒரு துண்டு இருப்பது பத்து நிமிடம். அதற்குள் நார் கரையாது, சுருங்கி இறுகத்தான் செய்யும்.

முதுகெலும்பை ஒட்டிய தசைக்கு அவ்வளவு வேலை இல்லை. அதனால் விலாச் சாப்ஸ், முதுகுக்கறி இரண்டும் நேரடி நெருப்புக்குப் பொருத்தமானவை. இரண்டு பக்கமும் மூன்று நான்கு நிமிடம் வாட்டினால் போதும்.

தொடை நடுவில் நிற்கிறது. துண்டு போடாமல் எலும்பை மட்டும் எடுத்து, புத்தகம்போல் விரித்துத் தரச் சொல்லுங்கள். முழுத் தொடையும் கனமான ஒரு பலகையாகிவிடும். அதை மிதமான நெருப்பில் அரைமணி நேரம் திருப்பித் திருப்பிச் சுட்டு, பத்து நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே மெலிதாக அறுத்தால் பத்துப் பேர் தட்டில் வைக்கலாம். கனமான இடத்தில் உள்ளே சற்றுச் சிவப்பாகவும் மெலிந்த ஓரத்தில் நன்றாக வெந்தும் இருக்கும். வீட்டுப் பெரியவர்களுக்கு ஓரம், இளசுகளுக்கு நடு. சண்டையே வராது.

தோள்பட்டை மலிவு, ருசியும் அதிகம். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். மூடி போட்ட அடுப்பு இருந்து, கரியை ஒரு பக்கம் ஒதுக்கி மூன்று நான்கு மணி நேரம் விட முடிந்தால் வாங்குங்கள். பூங்காவில் இருக்கும் திறந்த அடுப்புக்கு வேண்டாம்.

“சாப்ஸ்னு கேட்டா எலும்புத் தூளோட சின்னச் சின்னதாத் தர்றாங்க. எப்படிக் கேட்கிறது?”

நம் கடைகளில் சாப்ஸ் என்றால் பெப்பர் பிரட்டலுக்கான விலாத் துண்டு என்றே புரிந்துகொள்வார்கள். “ஒவ்வொரு எலும்பும் தனித்தனியா, கட்டைவிரல் கனத்துக்கு, மெஷின்ல வெட்டிக் குடுங்க” என்று சொல்லுங்கள். கட்டைவிரல் அகலம் ஏறக்குறைய 2 செண்டிமீட்டர். அதைவிட மெலிந்தால் வெளியே நிறம் ஏறுவதற்குள் உள்ளே காய்ந்துவிடும். மெஷின் என்பது எலும்பறுக்கும் ரம்பம். அரிவாளால் கொத்தினால் எலும்பு சிதறி, கடிக்கும்போது பல்லில் படும்.

இன்னும் எளிய வழி உண்டு. விலாவை வெட்டாமல் முழுப் பத்தையாக வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமாக ஒரு பத்தையில் எட்டு எலும்பு இருக்கும். வீட்டுக் கத்தியாலேயே எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் அறுத்துவிடலாம். ஆனால் அடியில் முதுகெலும்புத் துண்டு ஒட்டியிருந்தால் கத்தி இறங்காது, அதை மட்டும் கடையிலேயே நீக்கச் சொல்லுங்கள்.

“லேம்ப் வாங்கவா, மட்டன் வாங்கவா? ரெண்டும் ஆடுதானே?”

சிங்கப்பூரில் கிடைக்கும் ஆட்டுக்கறியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியச் செம்மறி. அங்குள்ள விதிப்படி 12 மாதத்துக்கு உட்பட்டது, அல்லது நிலையான முன்பல் இன்னும் முழுதாக வளர்ந்து பயன்பாட்டுக்கு வராதது லேம்ப். அதைத் தாண்டினால் வயது ஏற ஏற மட்டன். பல்லைப் பார்த்து வயது சொல்வது நம் ஊர்ச் சந்தையில் ஆடு பிடிப்பவர்களுக்கும் தெரிந்த கணக்குதான்.

இரண்டாவது கேள்வியில் சொன்ன நார், வயதோடு முற்றும். அதனால் நெருப்புக்கு லேம்ப், குழம்புக்கு மட்டன். கறியின் நிறத்திலேயே தெரியும்: லேம்ப் இளஞ்சிவப்பு, மட்டன் கருஞ்சிவப்பு. மட்டனின் கொழுப்பு வாடையும் தூக்கலாக இருக்கும். வெள்ளாடு கிடைத்தால் சந்தோஷம். ஆனால் அதில் கொழுப்பு குறைவு, சீக்கிரம் வறண்டுவிடும். வெள்ளாட்டைப் பிரட்டலுக்கு வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

“கறி நல்லா இருக்கான்னு கடையில நின்னே எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

முதலில் மூக்கு. ஆட்டுக்கு ஆட்டு வாடை இருக்கும், அது தப்பில்லை. புளிப்பு வாடையோ, ஊசல் வாடையோ வந்தால் நகர்ந்துவிடுங்கள். அப்புறம் மேற்பரப்பு: ஈரமாக இருக்கலாம், பிசுபிசுக்கக் கூடாது. கொழுப்பு வெள்ளையாகவோ பாலேட்டு நிறமாகவோ, தொட்டால் கெட்டியாகவும் இருக்கவேண்டும். தட்டில் சிவப்புத் தண்ணீர் குளம் கட்டியிருந்தால், உறைந்த கறி இளகி நிற்கிறது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். அது கெட்டதென்று அர்த்தமில்லை. ஆனால் அன்று அறுத்துப் போட்டது மாதிரி விலை சொன்னால் கேள்வி கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். காற்றுப் போகாத பையில் அடைத்த கறி திறந்தவுடன் ஊதா கலந்த கருஞ்சிவப்பாக இருக்கும், ஒரு மாதிரி மூடிய வாடையும் அடிக்கும். என் அத்தை இதைப் பார்த்துவிட்டு முழுப் பத்தையையும் குப்பையில் போட்டார். காற்றுப் படாததால் வந்த நிறம் அது. ஒரு தட்டில் திறந்து வைத்தால் இருபது முப்பது நிமிடத்தில் சிவப்பு திரும்பும், வாடையும் போய்விடும். போகவில்லை என்றால் அப்போது குப்பைத்தொட்டியை யோசிக்கலாம்.

“உறைஞ்ச கறி வாங்கினா ருசி இருக்காதா?”

இருக்கும். உறையும்போது தசைக்குள் பனிப்படிகம் உண்டாகி, இளகும்போது கொஞ்சம் சாறு வெளியேறும். மெலிந்த துண்டில் அந்த வித்தியாசம் தெரியும், சாப்ஸிலும் கோழி இறக்கையிலும் பெரிதாகத் தெரியாது. 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது நாம் எல்லாரும் உறைந்த கோழிக்கு மாறினோம். முதல் வாரம் புலம்பினோம், அப்புறம் பழகிவிட்டது.

கெடுப்பது பெரும்பாலும் இளக வைக்கும் முறைதான். காலையில் எடுத்து வாஷ்பேசினில் போட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள், நம் ஊர் வெப்பத்துக்கு வெளிப்பக்கம் கெட ஆரம்பித்திருக்கும்போது நடு இன்னும் கல்லாக இருக்கும். முதல் நாளே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். இரண்டு கிலோத் தொடைக்கு முழு 24 மணி நேரம் பிடிக்கும்.

“கோழி நெஞ்சுக்கறிதான் ஆரோக்கியம்னு வாங்குறேன், சுட்டா சக்கை மாதிரி ஆகுது. ஏன்?”

அதில் கொழுப்பு மிகக் குறைவு, அதனால்தான். கொஞ்சம் கூடுதலாகச் சூடு பட்டாலும் சாறு போய்விடும். நெருப்புக்குத் தொடைக்கறி வாங்குங்கள். எலும்பெடுத்து, தோலை மட்டும் விட்டுத் தரச் சொன்னால் பெரும்பாலான கோழிக்கடைகளில் செய்து தருவார்கள். சத்தேக்கு, அதாவது குச்சியில் குத்திச் சுடும் கறித் துண்டுகளுக்கும், அதே தொடைதான் சரி.

இறக்கை எப்போதும் தப்பாது. முழு இறக்கையாக வாங்கினால் நுனியை நறுக்கிச் சூப்புக்கு வைத்துக்கொள்ளலாம். குழந்தைகள் அதிகம் இருந்தால் நடு இறக்கை மட்டும் வாங்குங்கள், சீக்கிரம் வேகும், கையில் பிடிக்கவும் வசதி. கால் வாங்கினால் எலும்பை ஒட்டி இரண்டு ஆழமான கீறல் போடச் சொல்லுங்கள். வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும் கோழிக்கால் இல்லாத பார்பிக்யூவை நான் பார்த்ததே இல்லை.

“மாட்டுக்கறியில எந்தப் பாகம்? பேரு எல்லாம் இங்கிலீஷ்லயும் மலாய்லயும் இருக்கு.”

சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும். கெய்லாங் சிராய் சந்தையில் ‘பாத்தாங் பினாங்’ என்று சொல்வது மாட்டின் உள்முதுகுச் சதை, ஸ்டேக் கடைகளில் டெண்டர்லாயின் என்பார்கள். பாத்தாங் பினாங் என்றால் பாக்குமரத் தண்டு. நீளமாக உருண்டையாக இருப்பதைப் பார்த்தால் பெயர்க் காரணம் புரியும். மாட்டிலேயே மிக மெத்தென்ற பாகம் அது, விலையும் அப்படித்தான். ஆனால் கொழுப்பு குறைவு என்பதால் கரியில் சுடுவதற்கு என் ஓட்டு ரிப்ஐ என்ற விலாப்பக்கச் சதைக்கு. சதைக்குள் ஊடுருவியிருக்கும் கொழுப்பு உருகி அதைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். கனம் இரண்டரை, மூன்று செண்டிமீட்டர் இருக்கட்டும். நாலு பேருக்கு மெலிந்த நாலு துண்டு வாங்குவதைவிட, கனமாக இரண்டு வாங்கிச் சுட்டுப் பகிர்வது மேல்.

விலா எலும்பு வேண்டுமென்றால் எப்படி வெட்டுவது என்று கட்டாயம் சொல்லவேண்டும். கொரியக் கடைகளில் பார்த்திருப்பீர்கள், மூன்று நான்கு எலும்பின் வட்டம் வரிசையாகத் தெரியும் மெல்லிய பட்டை. எலும்புக்குக் குறுக்கே அறுத்தது. அது நேரடி நெருப்பில் ஐந்து நிமிடத்தில் தயார். எலும்பின் போக்கிலேயே அறுத்த கனத்த துண்டு மணிக்கணக்கில் வேகவேண்டியது. பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலை முற்றிலும் வேறு.

“அமெரிக்கா மாதிரி பிரிஸ்கெட் பண்ணணும். பூங்காவுல சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சா எட்டுக்கு ஆயிடுமா?”

ஆகாது. பிரிஸ்கெட் மாட்டின் நெஞ்சுப் பகுதி, நாரின் தலைநகரம். முழுத் துண்டுக்கு 110 முதல் 120 டிகிரி சூட்டில் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். வீட்டு ஓவனில் முதல் நாளே வேகவைத்து, பூங்காவில் கரிமேல் ஓரம் மட்டும் முறுகவிட்டால் ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். நான் செய்திருக்கிறேன்.

“பன்றிக்கறி வாங்கினா?”

ஈரச்சந்தையின் சீனக் கடைகளில் கேளுங்கள். வயிற்றுக்கறி எல்லாருக்கும் தெரியும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பும், பக்கத்திலேயே நிற்கவேண்டும். தெரியாத ஒன்று ‘பு ஜியென் தியென்’. மாண்டரினில் ‘வானம் பார்க்காதது’ என்று அர்த்தம். முன்காலின் அக்குள் பகுதி, அதனால் வானம் பார்க்க வாய்ப்பில்லை. சார் சியூ என்ற சீனப் பன்றி வாட்டலுக்குப் பேர்போன துண்டு. கொழுப்பும் சதையும் கலந்து கரிநெருப்பில் அருமையாக வரும். ஒரு பன்றியில் கொஞ்சம்தான் தேறும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.

“20 பேருக்கு எவ்வளவு வாங்கணும்?”

எலும்போடு என்றால் ஒரு ஆளுக்கு 400 கிராம், எலும்பில்லாமல் 250 கிராம் என்பது என் கணக்கு. 20 பேருக்கு 40 முழு இறக்கை, அது ஏறக்குறைய 4 கிலோ வரும். விரித்த ஆட்டுத்தொடை எலும்பு நீக்கி 2 கிலோ. சாப்ஸ் 20, அது சுமார் 2 கிலோ. எல்லாம் சேர்ந்து 8 கிலோ. யாராவது ஒரு பெரிய தட்டு பீஹூன் (அரிசிச் சேமியா) கொண்டுவருவார்கள், சித்தி வீட்டிலிருந்து முட்டை சம்பல் வரும். அது உறுதியென்றால் சாப்ஸைப் பாதியாக்குங்கள்.

பழைய கடைக்காரர்கள் சிலர் இன்னும் கட்டிக் கணக்கில் பேசுவார்கள். ஒரு கட்டி என்பது 600 கிராமுக்குச் சற்றுமேல். விலைப்பலகையில் மலிவாகத் தெரிந்தால் கிலோவுக்கா கட்டிக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

“கொழுப்பையெல்லாம் எடுத்துடுங்கன்னு சொல்லலாம்ல?”

சொல்லாதீர்கள். சாப்ஸின் ஓரத்தில் அரை செண்டிமீட்டர் விட்டுவைக்கச் சொல்லுங்கள், அது உருகித்தான் கறி வறளாமல் இருக்கிறது. சாப்பிடும்போது தட்டில் ஒதுக்கிக்கொள்ளலாம். தொடையை விரிக்கும்போது மட்டும் உள்ளே ஒரு கொழுப்பு உருண்டையும் அதோடு சாம்பல் நிறச் சுரப்பியும் தெரியும், அதை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மாதிரி வாடை அதிலிருந்துதான் வரும்.

“பப்பாளிக்காய் அரைச்சுத் தடவினா எந்தக் கறியும் மெத்துன்னு ஆயிடும்னு அம்மா சொல்றாங்க. அப்போ மலிவான கறியே வாங்கலாமா?”

அம்மா சொல்வது பாதி உண்மை. பப்பாளிக்காயில் பப்பேன் என்ற நொதி இருக்கிறது, அது புரதத்தை அறுக்கும். அன்னாசிக்கும் இஞ்சிக்கும்கூட அந்தக் குணம் உண்டு. ஆனால் அது உள்ளே அதிகம் இறங்குவதில்லை. கனத்த தோள்பட்டைத் துண்டில் தடவினால் மேலே மாவாகிவிடும், நடுவில் இரண்டாவது கேள்வியில் சொன்ன நார் அப்படியே இருக்கும். மெலிதாக அறுத்த தொடைக்கறிக்கோ சத்தேக்கோ சரி: ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு மணி நேரம். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் காலையில் பேஸ்ட்தான். கோழிக்குத் தேவையே இல்லை.

ராத்திரி முழுக்க ஊறவைக்க உகந்தது உப்பும் தயிரும். கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு போட்டு முதல் நாளே குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டால் உள்வரை சாரும். மசாலாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சர்க்கரையோ தேனோ சேர்ப்பதாக இருந்தால் இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்புதான், இல்லாவிட்டால் கருகும்.

“வர்றவங்கள்ல முஸ்லிம் நண்பர்களும் இருக்காங்க, மாட்டுக்கறி சாப்பிடாதவங்களும் இருக்காங்க, சைவமும் இருக்காங்க. என்ன வாங்குறது?”

ஹலால் கடையில் வாங்கிய ஆடும் கோழியும் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு பிரச்சினை தீர்ந்தது. கடையிலோ பொட்டலத்திலோ முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) சான்றிதழ் முத்திரையைப் பாருங்கள், வெளிநாட்டுப் பொட்டலம் என்றால் அதிலுள்ள ஹலால் முத்திரையைப் பாருங்கள். சந்தையில் நேரடியாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பன்றிக்கறி அன்றைக்கு வேண்டாம். ஒரே வலையில் சுட்டுவிட்டுத் துடைத்துவிட்டேன் என்று சொல்வது சரியாகாது, வலை, இடுக்கி, தட்டு எல்லாமே தனி வேண்டும்.

சைவர்களுக்கு ஓரமாக ஒரு இடம் என்று பெயருக்கு ஒதுக்கி, ஆட்டுக்கொழுப்பு சொட்டிய வலையில் சோளத்தை வைக்காதீர்கள். தூக்கியெறியக்கூடிய சின்ன அலுமினிய அடுப்பு ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள். அவர்களைத்தான் முதலில் சாப்பிட வைக்கவேண்டும்.

“ஜொகூர்ல கறி மலிவு. வர்றப்போ ரெண்டு கிலோ கொண்டுவந்தா என்ன?”

கொண்டுவரக்கூடாது. சொந்தச் சாப்பாட்டுக்கென்றாலும், சிங்கப்பூர் உணவு அமைப்பு அங்கீகரித்த நாடுகளிலிருந்து, அந்தந்த வகை இறைச்சிக்கு அனுமதி இருந்தால் மட்டுமே கொண்டுவரலாம். ஜொகூரிலிருந்து பச்சை ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி அந்தப் பட்டியலில் வராது. சோதனைச்சாவடியில் பிடிபட்டால் கறியும் போகும், அபராதமும் வரும். மலிவு வேண்டுமென்றால் உறைந்த தொடை வாங்குங்கள், மேலே சொன்ன மாதிரி இளக வையுங்கள்.

“காலையில தேக்காவுல வாங்கி சாயங்காலம் ஆறு மணிக்குச் சுடறேன். கெட்டுப்போகாதா?”

பையில் தூக்கிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் அலைந்தால் கெடும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி வேகமாகப் பெருகும், நம் ஊர் வெயில் 32. அதனால் இறைச்சியைக் கடைசியாக வாங்கி நேரே வீட்டுக் குளிர்ப்பெட்டிக்குப் போங்கள். பூங்காவுக்குக் கிளம்பும்போது ஐஸ் நிறைத்த பெட்டியில், கோழியை அடியிலும் மற்றதை மேலேயும் வைத்து எடுத்துச் செல்லுங்கள். சுடுவதற்கு முன் வெளியே எடுத்து ஒரு மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். கோழியைக் கழுவிக் கழுவி வாங்கும் பழக்கத்தையும் விடலாம். தண்ணீர் தெறித்துக் கிருமிதான் பரவும்.

இன்னொன்று, திங்கட்கிழமை ஈரச்சந்தையில் பல கடைகள் இருக்காது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாள் தேக்காவில் பார்பிக்யூ வெட்டு கேட்காதீர்கள். பின்னால் நாற்பது பேர் பிரியாணிக் கறிக்கு நிற்பார்கள். அந்தச் சமயத்தில் நீங்கள் கட்டைவிரலைக் காட்டிக் கனம் சொன்னால் அண்ணன் வேறு விரலைக் காட்டக்கூடும்.

“கபாபுக்குக் கொத்துக்கறி வாங்கினேன். கம்பியில நிக்காம உதிர்ந்துடுது.”

கொழுப்பு குறைவாக இருந்திருக்கும். தோள்பட்டைக் கறியை எடுத்து, ஐந்துக்கு ஒரு பங்கு கொழுப்பு இருக்கும்படி உங்கள் கண்ணெதிரிலேயே இரண்டு முறை அரைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது கேள்வியில் தோள்பட்டை வேண்டாம் என்றேனே என்று கேட்காதீர்கள், அரைக்கும் மெஷின் நாரை அறுத்துவிடும். வீட்டில் உப்புச் சேர்த்து, கை ஒட்டும்வரை பிசைந்து, கம்பியில் பிடித்தபின் ஒரு மணி நேரம் குளிரவைத்தால் நிற்கும்.

“ஆட்டுத்தொடை உள்ளே சிவப்பா இருந்தா சாப்பிடலாம்னு சொல்றீங்க. அப்போ கபாபும் கோழியும்?”

அது வேறு கணக்கு. முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் வெளிப்பக்கம்தான், அது நெருப்பில் போய்விடும். அரைத்த கறியில் வெளிப்பக்கம் உள்ளே கலந்துவிட்டது. அதனால் கொத்துக்கறி நடுவரை 71 டிகிரி, கோழி 75 டிகிரி வரவேண்டும். ஆட்டுச் சாப்ஸும் மாட்டு ஸ்டேக்கும் 63 டிகிரிக்கு வந்து மூன்று நிமிடம் ஆறினால் போதும். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்களுக்கு எதையும் நன்றாக வேகவைத்தே கொடுங்கள்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யமுடியாது. நன்றாக வெந்த கோழியும் எலும்பை ஒட்டிச் சிவந்திருக்கும். இறைச்சியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். எங்கள் குடும்பத்தில் இதை வைத்துத்தான் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் பத்து வருஷச் சண்டை முடிந்தது.

“தொடையில எலும்பை எடுக்கச் சொன்னேன். எலும்பைக் கடைக்காரரே வெச்சுக்கிட்டார். அது நியாயமா?”

எப்போது எடை போட்டார் என்று பாருங்கள். எலும்போடு எடை போட்டுக் காசு வாங்கியிருந்தால் எலும்பு உங்களுடையது. எலும்பை எடுத்தபின் எடை போட்டிருந்தால் அவருடையது, அந்த விலையும் கிலோவுக்குக் கூடுதலாகத்தான் இருந்திருக்கும். முதல் வகையில் வாங்குவதே எனக்குப் பிடிக்கும். “எலும்பை மெஷின்ல மூணாப் போட்டுத் தனிப் பையில குடுங்க பாய்” என்றால் முகம் சுளிக்காமல் கொடுப்பார், சில சமயம் நெஞ்செலும்பு ஒன்றையும் சேர்த்துப் போடுவார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் புகை வாடையோடு தாமதமாக எழுந்து வரும்போது, மிளகும் சோம்பும் தட்டிப்போட்டு அந்த எலும்பில் ஒரு சூப் கொதித்துக்கொண்டிருக்கும்.